இருபதாவது பராமரிப்பாளர்

அந்த ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயர், சம்பளப் பட்டியல் போடுகிற குமாஸ்தாவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் நாளைக்காரர். குழாய் ஒழுகுகிறதா, மின்விசிறி சுற்றவில்லையா, கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் கழன்றுவிட்டதா, எதைச் சொன்னாலும் தலையைப் பலமாக ஆட்டி, "நாளைக்கு முடிச்சுடலாம்" என்பார். அந்த நாளை எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் வேலையில் கையை வைத்துவிட்டார் என்றால் அதற்கப்புறம் அந்தக் குழாய் பத்து வருஷத்துக்குச் சொட்டாது. அவரைக் கையை வைக்க வைப்பதுதான் பெரும் பாடு.

பொய் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. லீவுக்காக ஒரே பெரியம்மாவை மூன்று தடவை சாகடித்தவர். மூன்றாவது தடவை சூப்பர்வைசர், "ஏன்யா, போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு சொன்னியே?" என்று மடக்கினார். நாளைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "அது மூத்த பெரியம்மா சார், இது இளைய பெரியம்மா."

"அப்போ அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்போ சீரியஸா இருந்தாங்க சார். பொழச்சுக்கிட்டாங்க. உங்க நல்ல மனசு."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். லீவும் கிடைத்தது. இப்படி ரீல் விட்டே காலத்தை ஓட்டியவர், ஒரே ஒரு பொய்யில்தான் வகையாக மாட்டிக்கொண்டார். அதைக்கூட அவர் ஆரம்பித்து வைக்கவில்லை. ஒரு சுற்றறிக்கை ஆரம்பித்து வைத்தது.

"மறதி நோய்ப் பராமரிப்பு: சோதனைத் திட்டம். பராமரிப்பாளர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி. செவ்வாய்தோறும் மதியம் இரண்டு முதல் நான்கு வரை, இரண்டாம் மாடிக் கூட்ட அறை. பராமரிப்பாளர்கள் தவறாமல் வரவும்." மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற கணவன், மனைவி, பிள்ளைகளுக்காக அடித்த காகிதம் அது. தபால் பிரிக்கிறவர் பார்த்தார். பராமரிப்பு என்று போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவோ அடித்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பிரதியை அங்கே தள்ளிவிட்டார்.

சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை படித்தார். "மறதி நோயாம்யா! புகார் கொடுத்தா நாம மறந்துடுறோம்னு எவனோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கான். நீதான் போகணும். உன்னாலதான் நம்ம பிரிவுக்கே இந்தப் பேரு."

அன்றைக்குப் பெண்கள் வார்டில் இரண்டு சாக்கடை அடைப்பு காத்திருந்தது. நாளைக்காரர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரொம்ப வருத்தப்படுகிற முகத்தோடு மாடியேறினார்.

கூட்ட அறையில் ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. மெத்தை வைத்த நாற்காலிகள். ஓரத்து மேசையில் தேநீரும் பிஸ்கட்டும். சொர்க்கம் இரண்டாவது மாடியில் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் அடித்தளத்தில் கிடந்தோமே என்று நினைத்துக்கொண்டார். திட்டத்தை நடத்துகிற சிஸ்டர் ஓடி வந்து வரவேற்றார்.

"வாங்க வாங்க. நீங்க பராமரிப்பாளரா?"

"ஆமா சிஸ்டர்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரெண்டு வருஷமா."

சிஸ்டருக்கு மூச்சு நின்றுவிட்டது. "இருபத்திரெண்டா! ராத்திரி பகலா நீங்களேவா?"

"இல்ல சிஸ்டர், ஷிஃப்ட் உண்டு. கூட மூணு பேர் இருக்காங்க."

"நல்ல குடும்பம். இப்போ நிலைமை எப்படி இருக்கு?"

"என்னத்தச் சொல்ல? எல்லாம் பழசாயிடுச்சு. எங்க பார்த்தாலும் ஒழுகுது. மேல அடைச்சா கீழ ஒழுகும்."

"ஐயோ பாவம். என்ன பண்றீங்க அப்போ?"

"டேப்பைச் சுத்தி விட்டுடுவேன். ரெண்டு நாள் தாங்கும்."

சிஸ்டர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "டேப்பெல்லாம் சுத்தக் கூடாதுங்க! நாங்க சொல்லித் தர்றோம். இவ்வளவு நாள் தனியாக் கஷ்டப்பட்டிருக்கீங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் தன் கஷ்டத்தைப் புரிந்துகொண்டார் என்று நாளைக்காரருக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. பிறகு ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். "நீங்கள் பராமரிப்பவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று முதல் வரியிலேயே கேட்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுற்றிலும் பார்த்தார். வந்திருந்தவர்கள் ஒருவரிடமும் கருவிப் பை இல்லை.

எழுந்திருக்கப் போனவரைச் சிஸ்டரின் குரல் உட்கார வைத்தது. "ரெண்டு வருஷமா இதுக்காக அலையறேன். சாதாரண ஆஸ்பத்திரியில, இருக்கிற ஆளுங்களை வெச்சே இந்தப் பயிற்சியை நடத்த முடியுமான்னு பாக்கறதுக்குத்தான் இந்தச் சோதனை. நடந்துச்சுன்னா எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போவாங்க. இருபது குடும்பம் சேரணும், இல்லன்னா மூடிடுங்கன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள். பத்தொன்பதுல நின்னுச்சு. இப்போ நீங்க வந்துட்டீங்க!"

அறையே கை தட்டியது. நாளைக்காரர் ஏசியைப் பார்த்தார். பிஸ்கட்டைப் பார்த்தார். எட்டு செவ்வாய்க்கிழமை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். பெண்கள் வார்டின் சாக்கடையையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். பேனாவை எடுத்து "மாமனார்" என்று எழுதினார்.

"மாமனாரை மருமகன் பாத்துக்கறதா!" என்று சிஸ்டர் உருகினார். "டாக்டர் சீட்டு ஏதாவது இருக்கா?"

"நாளைக்குக் கொண்டுவரேன் சிஸ்டர்."

மாமனார் என்பது பொய்யில்லை. மனைவியை இழந்த பிறகு அவர் மகள் வீட்டோடு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பெரிய அச்சகம் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றும் பிழையை விடவில்லை. மளிகைக்கடை ரசீது, மருந்துப் பெட்டி, பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டில் அவர் திருத்தாத ஒரே பிழை மருமகன்தான். இருவரும் நேருக்கு நேர் சண்டை போட்டதில்லை. "சாப்பிட்டாச்சா மாமா?" "ஆச்சு மாப்பிள்ளை." அதோடு முடிந்துவிடும். ஒருவர் கூடத்துக்கு வந்தால் மற்றவர் வாசலுக்குப் போய்விடுவார். அந்த மனுஷருக்கு மறதி என்று எழுதிக் கொடுத்ததில் நாளைக்காரருக்கு உள்ளூரக் கொஞ்சம் குஷி.

வகுப்பில் அவர் கொடி பறந்தது. வாரா வாரம் ஒவ்வொருவரும் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொல்லித் தேம்பி அழுதார்கள். நாளைக்காரர் சொன்னால் அழுகிறவர்களும் சிரித்தார்கள். மாமனார் மூக்குக் கண்ணாடியை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்துவிட்டு, வீட்டுக்குள் திருடன் புகுந்ததாகத் தெருவையே கூட்டினார் என்றார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார் என்றார். எல்லாம் வடிகட்டிய கப்சா. "இதையெல்லாம் எப்படிங்க சிரிச்சுக்கிட்டே தாங்கறீங்க?" என்று ஒரு லாரி டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த டிரைவருடைய மனைவி, கண் அசந்தால் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார். மனுஷர் வேலைக்குப் போய் மூன்று மாதமாகிறது.

அன்றைக்குச் சாயங்காலமே நாளைக்காரர் அந்த வீட்டுக்குப் போனார். கதவின் உச்சியில், கண் போகாத இடத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டு, திறந்தால் உள்ளே மணி அடிக்கிற மாதிரி செய்துகொடுத்துவிட்டு வந்தார். நாளைக்கு என்ற வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை. விஷயம் தெரிந்த சூப்பர்வைசர், ஆளுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டார்.

வகுப்பில் ஒரு தொந்தரவு, வீட்டுப்பாடம். தினமும் கால் மணி நேரம் நோயாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும், பேசியதை எழுதி வர வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது. "ஞாபகம் இல்லையா?" என்று கேட்கவே கூடாது. இரண்டு வாரம் கற்பனையாக எழுதிப் பார்த்தார், கை வலித்தது. பேசிவிட்டே எழுதிவிடலாம் என்று மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கிழவர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம் அச்சகத்துக் கதைகளை அவிழ்த்துவிட்டார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகன் என்பதைப் பணமகன் என்று அச்சுக் கோத்துவிட்டார்களாம். மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணைக்குப் பேர்போனவர்களாம். "அச்சாகி இருந்தா என்ன ஆகியிருக்கும் மாப்பிள்ளை? நான்தான் புடிச்சேன். புடிக்காம விட்டிருக்கலாமேன்னு இன்னிக்கும் வருத்தம்!"

நாளைக்காரர் நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கதையை அந்த வாரம் நாலு தடவை கேட்டார். கிழம் பெருமை அடித்துக்கொள்கிறது என்று நினைத்து, நாலாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சிரித்து வைத்தார். பயிற்சிக் காகிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கால் மணி நேரம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

மனைவிக்குத்தான் சந்தேகம். "எங்கப்பாகிட்ட என்ன திடீர் மரியாதை? எதுல போய் மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?"

அவர் மாட்டிக்கொண்டது ஆறாவது வாரத்தில். வீடு வீடாகப் போய் நோயாளிகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை ஆரம்பத்திலேயே நடந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வண்டி கிடைக்க ஆறு வாரமாகிவிட்டது. "மொதல்ல உங்க வீட்டுக்குத்தான் வரேன்" என்றார் சிஸ்டர், ஆசையாக. "வியாழக்கிழமை பத்து மணிக்கு. முப்பது மார்க்குக்குக் கேள்வி கேப்பேன். ஆளுக்குக் கால் மணி நேரந்தான். இருபதுல ஒண்ணு குறைஞ்சாலும் திட்டம் செல்லாதுன்னு மேலிடத்துல மறுபடியும் சொல்லிட்டாங்க. நல்லவேளை, நம்ம இருபது பேரும் கெட்டியா இருக்கோம்."

நாளைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாமனார் முப்பதுக்கு முப்பது வாங்குவார்; கேள்வித்தாளிலும் நாலு பிழை கண்டுபிடித்துக் கொடுப்பார். பொய்க் கையெழுத்துப் போட்டு வேலை நேரத்தில் பிஸ்கட் தின்றவன் என்று மெமோ வரும், வேலை போகும். அது போனாலும் தொலையட்டும். சிஸ்டரின் இரண்டு வருஷமும் போகும். அந்த லாரி டிரைவர் முகத்தில் எப்படி முழிப்பது? அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் கத்துவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தார். அவள் கத்தவில்லை. "அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை சாயங்காலம் மாமனார் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்து, நல்ல பிள்ளையாக முழுவதையும் ஒப்பித்தார். "நாளைக்கு ஒரு கால் மணி நேரம், கொஞ்சம் மறந்த மாதிரி இருந்தீங்கன்னா..."

கிழவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "எனக்கு மறதின்னு எழுதிக் குடுத்தீங்களா? எனக்கு? அந்தப் பயிற்சிக் காகிதத்தை இங்க கொண்டாங்க."

கொடுத்தார். மாமனார் சிவப்புப் பேனாவைத் திறந்து, தலைப்பிலேயே ஒரு வட்டம் போட்டார். "பராமரிப்பாளர்" என்பதில் 'ரி'யை அடித்துவிட்டு, மேலே அழகாக 'றி' என்று எழுதினார். "எழுத்துக்கூட்டக்கூடத் தெரியல. இவங்க எனக்குப் பரீட்சை வெக்கறாங்களாம்! வரட்டும் நாளைக்கு. முப்பத்தஞ்சு வருஷம் ஒரு எழுத்துத் தப்ப விட்டதில்ல நான். யார்னு காட்டறேன்."

நாளைக்காரருக்கு 'ரி'யும் 'றி'யும் ஒன்றுதான். வேலை போனதை நினைத்துக் கலங்கிக்கொண்டே காகிதத்தை மனைவியிடம் நீட்டினார். அவள் அந்தத் தலைப்பையே பார்த்தாள். பிறகு நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் மாமனார் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கூடத்து நாற்காலியில் கல்யாண மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் பத்து மணிக்கு வந்தார். நாளைக்காரர் சுவரோரமாக, தூக்கில் போடப் போகிறவர் மாதிரி நின்றார்.

"ஐயா, உங்க பேரு சொல்லுங்க."

மாமனார் தன் பெயரை, அப்பா பெயரோடு, படித்த பள்ளிக்கூடத்தோடு, கணீரென்று சொன்னார். போச்சு, என்று கண்ணை மூடிக்கொண்டார் மருமகன்.

"மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்புறமா கேப்பேன். சாவி, பூசணிக்காய், ரயில்."

"சாவி, பூசணிக்காய், ரயில். பூசணிக்காய்ல வல்லின ஒற்று வராது, பாத்து எழுதிக்கோங்க."

"சரிங்க ஐயா. இப்போ என்ன வருஷம்?"

மாமனார் ஒரு வருஷத்தைச் சொன்னார். தயங்காமல், கொஞ்சம் இளக்காரமாகவே சொன்னார். அது பதினேழு வருஷத்துக்கு முந்தைய வருஷம்.

நாளைக்காரர் கண்ணைத் திறந்தார். காதில் சரியாகத்தான் விழுந்ததா? சிஸ்டர் குறித்துக்கொண்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று வரை வந்தது, அப்புறம் எண்பது, எழுபது என்று இறங்கியது. கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. பன்னிரண்டு எண்களும் ஒரே பக்கத்தில், பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

நாளைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆஹா, மனுஷன் நடிக்கிறார்! நேற்று அப்படிக் குதித்தவர், விடிந்ததும் மருமகனுக்காக மனசை மாற்றிக்கொண்டுவிட்டார். அதுவும் என்ன நடிப்பு! நானெல்லாம் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும். ஆறு வருஷமாக இந்த மனுஷரையா முறைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

"மூணு வார்த்தை சொன்னேனே ஐயா, அதைச் சொல்லுங்க."

"எந்த மூணு வார்த்தை?" மாமனாருக்குக் கோபமே வந்துவிட்டது. "நீங்க வார்த்தையே சொல்லலையேம்மா. வந்ததுலேர்ந்து வருஷத்தைக் கேக்கறீங்க, கணக்கைக் கேக்கறீங்க. சொல்லாததைக் கேட்டா எப்படி?"

அபாரம். சுவரோரம் நின்றவருக்குக் கை தட்டாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

வாசல் வரை போய் வழியனுப்பினார். சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பதினாறு. கொஞ்சம் முத்தியிருக்கு. எப்படியும் ரெண்டு வருஷமாவது இருந்திருக்கும். மொத நாளே நீங்க வந்து சேர்ந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க." அவர் கண் கலங்கியிருந்தது. நாளைக்காரருக்கு ஒரு பக்கம் பாவமாகவும் ஒரு பக்கம் சிரிப்பாகவும் இருந்தது. நடிப்புக்குப் பதினாறு மார்க்கு. வேலை தப்பியது, திட்டமும் தப்பியது. துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"மாமா! எனக்காக இப்படி நடிச்சீங்களே! உங்க காலைக் காட்டுங்க, விழணும் நான்."

மாமனார் நாற்காலியை விட்டு மெள்ள எழுந்தார். மருமகனை நேராகப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க மாப்பிள்ளை. நடிச்சுடலாம்னுதான் உக்காந்தேன். ராத்திரியெல்லாம் யோசிச்சு, சரி, உங்களுக்காகச் செஞ்சுடலாம்னு முடிவு பண்ணியிருந்தேன். ஆனா அந்தப் பொண்ணு கேள்வி கேட்டதும் என்னால முடியல. சரியான பதில் தெரிஞ்சுக்கிட்டே தப்பா சொல்ல வாய் வரல. எல்லாத்துக்கும் சரியாவே சொல்லிட்டேன். முப்பதுக்கு முப்பது."

நாளைக்காரர் "விளையாடாதீங்க மாமா" என்று சொல்ல வாயெடுத்தார். சமையலறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. எத்தனை நாளாக அவளுக்கு இது தெரியும், தான் கேலி செய்வோம் என்று பயந்துதான் தன்னிடம் மறைத்தாளா என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. வேலை நிலைத்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. சொன்னதெல்லாம் பொய்யாகவே இருந்திருக்கக் கூடாதா, வேலையும் போய்த் தொலைந்திருக்கக் கூடாதா என்று அந்தப் பொய்க்காரர் மனசார ஏங்கினார்.

"பேசாம நிக்கறீங்களே" என்றார் மாமனார். கிட்டே வந்து, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, மருமகன் தோளில் கையை வைத்தார். "என்னாலதானே உங்க வேலை போச்சு? கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல மாமா. வேலைதானே. போனா போகட்டும்."

"அப்படிச் சொல்லுங்க. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க மாப்பிள்ளை. நான் இருக்கேன்ல? உங்களை நான் பாத்துக்கறேன்."

"சரி மாமா" என்றார் நாளைக்காரர். "நீங்க பாத்துக்கோங்க."